டாலி டிடிஎல்: பார்ட்னரா, ஆபீஸ் ஐடி ஆளா?

கணக்கு மென்பொருளான டாலி பிரைமில் விற்பனை வவுச்சரில் லாட் நம்பருக்கு ஒரு கட்டம் வேண்டும், அது இன்வாய்ஸ் பிரின்ட்டிலும் வர வேண்டும். டாலியை நம் தேவைக்கு மாற்ற உதவும் நிரல்மொழியான டிடிஎல்லில் இது சின்ன வேலைதான். டாலியை விற்றுச் சேவை செய்யும் பார்ட்னரிடம் கொடுத்தால் சீக்கிரம் முடியும், அனுபவமும் அவரிடம் அதிகம். ஆனாலும் இந்த மாதிரி வேலைக்கு என் ஓட்டு ஆபீஸ் ஐடி ஆளுக்கே.

காரணம் ஒன்றுதான்: சோர்ஸ், அதாவது எழுதிய மூல நிரல், யார் கையில்? பார்ட்னர் பெரும்பாலும் தருவது கம்பைல் செய்த டிசிபி ஃபைல். அதைத் திறந்து திருத்த முடியாது. 2020 நவம்பரில் டாலியின் முந்தைய பதிப்பான ஈஆர்பி 9 போய் பிரைம் வந்தபோது திரையும் மெனுவும் மாறின. பழைய டிடிஎல் பலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. சோர்ஸ் இல்லாதவர்கள் எழுதியவரைத் தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து காசு கொடுத்து எழுத வேண்டும். பார்ட்னரிடமே கொடுப்பதானாலும் சோர்ஸும் தரவேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

ஐடி ஆள் எழுதினால் அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திருத்தலாம். எஃப்1-இல் டிடிஎல் அண்ட் ஆட்-ஆன் போய், எஃப்4 அழுத்திப் பாதையைக் கொடுத்தால் லோடு ஆகிவிடும். இதை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு மெஷின் விட்டுப்போனால் அங்கே போடும் பில் மட்டும் லாட் நம்பர் இல்லாமல் போகும். இன்னொரு வம்பு யுடிஎஃப் எண், அதாவது நாம் புதிதாகச் சேர்க்கும் கட்டத்துக்குக் கொடுக்கும் எண். இரண்டு டிடிஎல்லில் ஒரே வகைக் கட்டத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால், லாட் நம்பர் வேறொரு கட்டத்தில் போய் உட்காரும். எண்களுக்கு ஒரு எக்ஸெல் பட்டியல் போதும். சோதனைக்கு டேட்டா ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி செய்து, லைசன்ஸ் இல்லாமல் ஓடும் எஜுகேஷன் மோடில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் என்ட்ரி போட முடியும், இதற்கு அது தாராளம்.

ரிப்போர்ட், பிரின்ட், கூடுதல் கட்டம், இதோடு ஐடி ஆள் நிறுத்திக்கொள்ள வேண்டும். வவுச்சரை மொத்தமாகத் திருத்துவது, வரிக் கணக்கைத் தொடுவது எல்லாம் பார்ட்னர் வேலை, அதுவும் ஆடிட்டரைக் கேட்ட பிறகு. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தங்களைப் பதிவு செய்து வைக்கும் எடிட் லாக் வசதி கட்டாயம். யார் திருத்தினார் என்ற கேள்வி கண்டிப்பாக வரும்.

ஐடியில் இருப்பதே ஒரே ஆள் என்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர் வேலையை விட்டுப் போனால் பார்ட்னர் போன கதைதான். டிடிஎல் ஃபைலும் யுடிஎஃப் பட்டியலும் அவர் லேப்டாப்பில் இல்லாமல் சர்வரில், தேதி போட்ட ஃபோல்டரில் இருக்கட்டும்.