ஊருக்குப் பத்துக்கு ஒன்பது மார்க், அம்மாவுக்கு முதுகில் புண்: 1,35,000 ரூபாய் போன கதை

அம்மாவுக்கு முதியோர் இல்லம் பிடித்துக் கொடுத்த இணையத்தளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்று காலை பதினொரு மணிக்கு வந்த கடைசிப் பதில் இது: “மேடம், உங்க டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு.” டிக்கெட் என்றால் என் புகார். அதை யார் க்ளோஸ் பண்ணினார்கள், ஏன் பண்ணினார்கள் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள். அதனால் ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய்.

அம்மாவுக்கு 79 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் வீட்டில் தனியாக இருந்தாள். மார்ச்சில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நான் சென்னையில், அண்ணன் மஸ்கட்டில். வீட்டோடு இருந்து பார்க்க ஆள் வைத்தோம். ஒருத்தி இரண்டு வாரம், இன்னொருத்தி ஐந்து நாள். அப்புறம்தான் முதியோர் இல்லம் தேடித் தரும் அந்த இணையத்தளத்தில் போய் விழுந்தேன். பெயர் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவையே தூக்க வைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு ஊருக்கும் மார்க் உண்டு. வயதானவர்கள் வசிக்க எவ்வளவு ஏற்ற ஊர் என்று பத்துக்கு இத்தனை. நாகர்கோவிலை ஒட்டிய ஒரு புறநகருக்கு ஒன்பது கொடுத்திருந்தார்கள். மருத்துவமனை 4 கிலோமீட்டர், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பத்து நிமிடம், பேருந்து வசதி, கோயிலும் சர்ச்சும் நடக்கும் தூரம், அமைதியான சூழல். வங்கியில் கடன் விண்ணப்பங்களை வரி வரியாகச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இதில் ஒரு வரியைக்கூட நான் சரிபார்க்கவில்லை.

காரணம் அந்தக் குரல். தளத்தில் நம்பர் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பையன் கூப்பிட்டான். “அக்கா, நான் தக்கலைக்காரன்தான்” என்றான். அம்மாவுக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்றெல்லாம் கேட்கவில்லை. என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டான். சம்பா அரிசிச் சோறும் மீனும் என்றேன். சிரித்தான். “நம்ம ஊரு அம்மைமாருக்கு அது இல்லாம ஒரு நேரம் இறங்குமா அக்கா? அங்க வாரத்துல மூணு நாள் மீன் உண்டு. சாளைப் புளிமுளம் வச்சா வாசம் ரோடு வரைக்கும் வரும்.” ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் அம்மா ரவைக் கஞ்சியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். பணம் அனுப்பும்போது எனக்கு அழுகையே வந்தது, நிம்மதியில்.

முன்பணம் ஒரு லட்சம், முதல் மாதம் 23,000, தளத்தின் சேவைக் கட்டணம் 12,000. மொத்தம் 1,35,000 ரூபாய். ரசீது வாட்ஸ்அப்பில் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அண்ணனுக்கு அனுப்பினேன். அதில் ஒரு லட்சத்துக்கு நேராக ‘நன்கொடை’ என்று எழுதியிருந்ததை நான் படித்தது இருபது நாள் கழித்து.

அம்மாவைக் கொண்டுபோய் விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை இல்லை, ரோட்டில் வண்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மேனேஜர் வெள்ளைச் சட்டையில் நின்றார். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் பையின் வாரை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரின் லட்சணம் எனக்குத் தெரிந்தது அடுத்த வாரம் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு. சித்தி இரண்டு பஸ் மாறிப் பார்க்கப் போனாள். பஸ் நின்ற இடத்திலிருந்து இல்லம் ஒரு கிலோமீட்டர் இறக்கம், வயலோரச் சந்து. முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டோக்காரர் திரும்பிப் போய்விட்டார். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்க் போட்டவனுக்குத் தெரியவில்லை. 4 கிலோமீட்டரில் இருந்த மருத்துவமனை ஒரு பல் கிளினிக். கோயிலும் சர்ச்சும் இருக்கின்றன, லாரி ஓடும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். வாக்கர் வைத்து நடக்கிறவர் எப்படிக் கடப்பார்? அமைதி மட்டும் உண்மை. சுற்றியிருக்கிற பெரிய வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் வளைகுடாவில். ராத்திரி கத்தினால் கேட்க ஆள் கிடையாது.

உள்ளே அதைவிட மோசம். போர்டில் ‘நர்சிங் கேர்’ என்று இருக்கிறது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் டாக்டரும் நர்ஸும் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அது வெறும் வாடகை வீடு. பதினான்கு பேருக்கு ராத்திரி ஒரே ஒரு பெண். அவளுக்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம், நர்சிங் படித்தவளும் இல்லை. குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இடுப்பு உடைந்தவளுக்கு! ஆம்புலன்ஸ் வசதி என்று தளத்தில் போட்டிருந்தார்களே, அது சுவரில் ஒட்டியிருந்த 108 ஸ்டிக்கர்.

ஒன்பதாம் நாள் சித்தி போனில் அழுதாள். அம்மாவுக்குக் காய்ச்சல், முதுகின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் பண்ணும்போதே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு அம்மாவின் தலையணைக்கு அடியில் மடித்தபடியே இருந்தது. நான் போய்ச் சேர்ந்ததும் அம்மா சொன்னது: “இவிய ராத்திரி கூப்பிட்டா வாறதில்ல, கேட்டியா மக்களே. எனக்க சேலைய எடு, போலாம்.” மீன் கிடைத்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பொன்னி அரிசிச் சோறும் தண்ணிச் சாம்பாரும்தான். கோட்டாறு, செட்டிகுளம் நெரிசலைத் தாண்டி ஆசாரிபள்ளம் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. பத்து நிமிடம் என்றார்களே, அது ராத்திரி இரண்டு மணிக்கு ஹெலிகாப்டரில் போனால் இருக்கலாம்.

அப்புறம் பணம். இல்லத்தில் கேட்டால், “நாங்க என்ன பண்ண, தளத்துக்காரங்ககிட்ட பேசுங்க.” தளத்தில் கேட்டால், “நாங்க அறிமுகம் மட்டும்தான் மேடம்.” தக்கலைப் பையன் முதல் இரண்டு நாள் “அக்கா, மேனேஜர்கிட்ட பேசிட்டேன், ஏழு வேலை நாள்” என்றான். மூன்றாம் நாள் அக்கா மேடம் ஆனாள். நான்காம் நாளிலிருந்து என் நம்பரை எடுப்பதில்லை. அண்ணன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டபோது உடனே எடுத்து, “சொல்லுங்க சார், யாருக்கு இல்லம் பார்க்கணும்?” என்று அதே தேன் குரல். கடைசியில் இல்லத்தின் மேனேஜர் ரசீதைத் திறந்து பார்க்கச் சொன்னார். “நன்கொடைய யாராவது திருப்பிக் கேப்பாங்களா?” ஒரு லட்சம் நன்கொடை, 23,000 ‘மாதம் தொடங்கிவிட்டது’, 12,000 ‘சேவை முடிந்துவிட்டது’. ஒன்பது நாளுக்கு 1,35,000 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலில் தங்க வைத்து நர்ஸும் வைத்திருக்கலாம்.

இடம் தேடுகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். வேலை நாளில், பள்ளி விடும் நேரத்தில், முடிந்தால் மழையில் போங்கள். ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஆட்டோ பிடித்துப் போய் நேரம் பாருங்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது, ஒன்பது மணிக்குப் போய் எண்ணுங்கள். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, மருத்துவம் பார்க்கிறோம் என்றால் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, இரண்டையும் கேளுங்கள். ரசீதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். நன்கொடை என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். முதியோருக்கான 14567இலும் சொல்லியாயிற்று. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லையாம், திங்கட்கிழமை நாகர்கோவிலில் போய் மனு கொடுக்கப் போகிறேன். அம்மா சித்தி வீட்டில் இருக்கிறாள், புண் ஆறி வருகிறது. அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட்டார்களா என்று தினமும் கேட்கிறாள். தந்தாச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன். சித்தி வீட்டுக்கு யாராவது போனால் உளறிவிடாதீர்கள்.