காய்ந்த வெள்ளைக் கடல் அட்டை: பினாங்குக் கடைகளில் கிடைக்கும் சரக்கு தேறுமா?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் சீனர் கடைகளில், கடலடியில் ஊரும் மெல்லுடல் உயிரான கடல் அட்டையைக் காயவைத்து விற்கிறார்கள். அவற்றில் குழம்புக்கும் பிரட்டலுக்கும் வாங்கத் தக்கது வெள்ளை அட்டை; அறிவியல் பெயர் ஹோலோத்தூரியா ஸ்காப்ரா. கமாட் எண்ணெய் என்னும் மலாய் நாட்டு மருந்தெண்ணெய்க்குப் போவது வேறு இனம். வெள்ளை அட்டைக்குச் சதை தடிப்பு. ஆனால் ஒரு ஜாடிக்கும் அடுத்த ஜாடிக்கும் தரத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது.

காரணம் அது வாழும் விதம். கடற்புல் வளரும் ஆழமில்லாத கரையோரத்தில், சேறு கலந்த மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். குட்டிகள் பெரும்பாலும் விடியும் நேரத்தில் புதைந்து, பொழுது சாயும்போது மேலே வரும். மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் பாசியையும் மக்கையும் நுண்ணுயிரையும் செரித்து, மிச்சத்தைப் பின்னால் தள்ளும். ஆகவே குடல் நிறைய மணல். தோலிலோ கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள். இந்த இரண்டையும் பக்குவமாக நீக்காத சரக்கை எத்தனை நாள் ஊறவைத்தாலும் வாயில் நறநறக்கும்.

நல்ல சரக்கு கரும்பழுப்பாக, வயிற்றுப்புறம் சற்றே வெளிறி இருக்கும். மேலே சாம்பல் பூத்தாற்போல் மாவு படிந்திருந்தால் தோலின் சுண்ணாம்பைச் சரியாகத் தேய்த்தெடுக்கவில்லை என்று பொருள். இரண்டை மோதினால் ‘டக்’கென்று கேட்க வேண்டும். கையில் பிசுபிசுத்தால் ஈரமும் உப்பும் சேர்த்து எடைபோடுகிறார்கள். பினாங்குப் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். குடல் எடுத்த வெட்டு சிறிதாக இருப்பதே நல்லது. நீளக் கிழித்தது காயும்போது சுருண்டுவிடும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். உயிரோடு 200 கிராம் அளவில்தான் இது இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். காய்ந்தால் அதில் ஏறத்தாழ 5 விழுக்காடே மிஞ்சும். 100 கிராமில் பத்துக்கு மேல் நின்றால் பெரும்பாலும் முட்டையிடாத குஞ்சுகள். மலிவாகக் கிடைப்பது இதுதான், வாங்காதீர்கள். தமிழ்நாட்டுக்குப் போனவர் கையில் சொல்லி விடுவதும் வேண்டாம்: இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டை முழுதும் தடை.

ஊறவைக்க எண்ணெய்ப் பிசுக்கில்லாத பாத்திரம் வேண்டும்; கொழுப்பு பட்டால் சதை குழைந்துபோகும் என்பது சமையல்காரர்கள் சொல்லும் எச்சரிக்கை. முதல் நாள் பச்சைத் தண்ணீர். மறுநாள் அரை மணி நேரம் இளந்தீயில் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவிடுங்கள். பிறகு வயிற்றைப் பிளந்து மிச்சக் குடலையும் மணலையும் ஓடும் தண்ணீரில் வழித்தெடுங்கள். உள்ளே நீளவாக்கில் ஓடும் ஐந்து தசைப்பட்டைகளைப் பிய்க்க வேண்டியதில்லை. அப்புறம் தினமும் தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் ஐஸ்பெட்டியில். நடுவில் விறைப்பாக இருந்தால் இன்னொரு கொதி.

தனி ருசி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். விலைக்கு ஈடு அந்த வழுக்கும் மென்மை மட்டுமே. இஞ்சியும் மிளகும் தூக்கலாகப் போட்டு, அட்டையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். பெரிய அளவுச் சரக்குக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண், சாம்பல் பூத்ததற்கு ஒன்றுகூட மிகை.