ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த தேதி: ஸ்வீடன் பதிவேடுகளில் எதை நம்புவது?

ஸ்வீடனில் வம்சாவளி தேடுபவர்களுக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், குடிபெயர்வு எல்லாவற்றையும் ஒவ்வொரு சபையின் போதகரும் எழுதி வைக்க வேண்டும் என்று 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பிறந்த தேதிகள் வந்து நிற்கும். எந்தத் தேதி அதிக இடங்களில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது பலரின் வழக்கம். பதிவேடுகள் எப்படி எழுதப்பட்டன என்று பார்த்தால், இதைவிட மோசமான வழி இல்லை என்பேன்.

குழப்பத்தில் பாதி தொடங்குவது குடும்பப் பேரேட்டில். ஸ்வீடனில் இதை ‘ஹூஸ்ஃபோர்ஹோர்’ ஏடு என்பார்கள். குடும்பத்தாருக்கு ஞானோபதேசம் தெரியுமா, வாசிக்க வருமா என்று போதகர் சோதித்துக் குறித்து வைத்த ஏடு இது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது ஏடு போடும்போது, பழையதைப் பார்த்துப் பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே எடுத்தெழுதுவார்கள். ஒரு தடவை தப்பு விழுந்தால் அடுத்தடுத்த ஏடுகளிலும் அதுவே தொடரும்.

உதாரணத்துக்கு அன்னா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பிறப்பேட்டில் 1823 மார்ச் 12 பிறப்பு, 16 ஞானஸ்நானம். சொந்த ஊர்க் குடும்பப் பேரேடுகளில் 12 என்றே இருக்கிறது. பதினெட்டு வயதில் பக்கத்துச் சபைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே அவள் பெயரைப் பதிந்தபோது ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதியாக ஏறிவிடுகிறது. அப்புறம் கல்யாணம், குழந்தைகள், முதுமை என்று வரிசையாக ஐந்து பேரேடுகளிலும் மார்ச் 16. எண்ணிப் பார்த்தால் 16தான் ஜெயிக்கும். ஆனால் அந்த ஐந்துக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு கைப்பிசகு. அதனால் ஏடுகளை எண்ணாமல், ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்த் தேதி மாறிய பக்கத்தைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஊர் மாறிய வருஷமாக இருக்கும். அந்த வருஷத்துக் குடிபெயர்வுப் பதிவையும் சேர்த்துப் பார்த்தால் பிசகு எங்கே நுழைந்தது என்று தெரிந்துவிடும்.

பிறப்பேடு சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்டது. என் ஓட்டு அதற்கே. கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பழைய ஏடுகள் பலவற்றில் ஞானஸ்நான நாள் மட்டும்தான் இருக்கும். எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே பிறப்பு அதற்குச் சற்று முன் என்று மட்டும் சொல்லலாம். பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு: இறந்துபோன குழந்தையின் பெயரையே அடுத்து பிறந்ததற்கும் வைப்பது அங்கே சாதாரணம். 1821இல் பிறந்த அன்னாவைப் பிடித்துக்கொண்டு பேரேட்டைத் தப்பு என்று சொல்லும் முன், அந்தக் குழந்தை சின்ன வயதிலேயே இறந்ததா என்று இறப்பேட்டில் தேடுங்கள்.

இறப்பேட்டில் வயது ஆண்டு, மாதம், நாள் கணக்கில்கூட வரும். அது தனிச் சாட்சி போலத் தோன்றினாலும், பல சமயம் போதகர் கையிலிருந்த குடும்பப் பேரேட்டைப் பார்த்துக் கணக்கிட்டதே. 1753க்கு முன் பிறந்தவர்களுக்கு இன்னொரு விஷயம்: அந்த ஆண்டு பிப்ரவரி 17க்கு மறுநாள் மார்ச் 1. பதினொரு நாள் வித்தியாசம் வந்தால் அது முரண்பாடாக இல்லாமல், நாட்காட்டி மாற்றமாக இருக்கலாம். 1712இல் பிப்ரவரி 30 என்று பார்த்தாலும் திருத்திவிடாதீர்கள். ஸ்வீடனில் அந்த நாள் உண்மையாகவே இருந்தது.

அமெரிக்கா போனவர்களின் கல்லறைக் கல்லையும் குடும்ப பைபிளையும் கடைசியில்தான் வைப்பேன். கல்லில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் நினைவிலிருந்து சொன்னது. அதோடு ஸ்வீடன் ஏடுகளில் 12/3 என்றால் மார்ச் 12. மாதத்தை முதலில் எழுதிப் பழகிய அமெரிக்கப் பேரப்பிள்ளைக்கு அது டிசம்பர் 3. நாள் எண்ணும் மாத எண்ணும் இடம் மாறினாற்போல் இரண்டு தேதிகள் கிடைத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிறப்பேடு தீயில் போயிருந்தால்? 1860க்குப் பின் என்றால் பிரச்சினை குறைவு. அந்த ஆண்டு முதல் போதகர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களின் நகலை ஆண்டுதோறும் புள்ளிவிவர அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். 1949 வரையான நகல்கள் உண்டு. அதற்கு முந்தைய காலம் என்றால், அன்னா தாய் தகப்பன் வீட்டில் குழந்தையாகப் பதிவான முதல் குடும்பப் பேரேட்டையே நான் எடுப்பேன். பின்னால் வந்த ஏடுகள் பத்து ஒன்றாக வேறு தேதி சொன்னாலும், அதையும் ஏட்டின் பெயரோடு பக்கத்தில் குறித்து வைப்பேனே தவிர, மாற்றமாட்டேன்.