குளிரை விட்டுக் கிளம்பினால் ஹூஸ்டனா, அட்லாண்டாவா?

மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் சில ஆண்டுகள் இருந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களில், ஜனவரி பிறந்ததும் தவறாமல் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். தெற்கே போய்விடலாம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. எந்த ஊருக்கு என்பதில்தான் வழக்கு. எங்கள் வீட்டு வழக்கில் கடைசிவரை நின்றவை டெக்சஸின் ஹூஸ்டனும் ஜார்ஜியாவின் அட்லாண்டாவும். ஹூஸ்டனை ஆகஸ்டிலும் அட்லாண்டாவை மார்ச் இறுதியிலும், அதாவது இரண்டையும் அவற்றின் மோசமான பருவத்திலேயே போய்ப் பார்த்தோம். மாப்பிள்ளை பார்ப்பதுபோல் நல்ல நாள் குறித்துப் போயிருந்தால் இந்த ஒப்பீடு வேறு விதமாக முடிந்திருக்கும்.

ஹூஸ்டனில் ஆகஸ்ட் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 35 டிகிரி செல்சியஸைத் தொடும்; அட்லாண்டாவில் ஜூலையில் அது 32 டிகிரி அளவில் நின்றுவிடும். எண்களில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு உடம்புக்குச் சிறிதல்ல. ஹூஸ்டன் மெக்சிகோ வளைகுடாக் கடலை ஒட்டிய தட்டையான சமவெளி. அட்லாண்டாவோ அப்பலேச்சியன் மலைத்தொடரின் அடிவாரத்தில் 300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. ஹூஸ்டனில் காரைவிட்டு இறங்கிய அடுத்த நொடி மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, அதைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிடும். சென்னையில் வளர்ந்தவருக்கு இது பழகிய சங்கதிதான் என்றாலும், மினியாபொலிஸிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

குளிரிலிருந்து தப்பிப்பதற்காகவே கிளம்புகிறவர் வெயிலை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது அரைக் கணக்கு. 2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டனில் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரிக்கு இறங்கியது. மினியாபொலிஸில் அது பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளி வாகனத்துக்குக் காத்து நிற்கும் சாதாரண நாள். 2019 ஜனவரியில் மைனஸ் 33 வரை போனதையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. டெக்சஸிலோ நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் கூரைக்கு அடியிலுள்ள பரண் வழியாக, உறைபனியை மனத்தில் கொள்ளாமல் போடப்பட்டவை என்பதால் அவை வீடு வீடாக வெடித்தன. மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் கட்டமைப்பு அண்டை மாநிலங்களோடு மிகக் குறைவாகவே இணைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து பெரிய அளவில் உதவியும் வரவில்லை.

அட்லாண்டாவும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2014 ஜனவரி 28 அன்று விழுந்தது இரண்டரை அங்குலப் பனிதான். பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரே நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியதால் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கானோர் இரவைக் காரிலேயே கழித்தனர். பல பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினர். ஆனால் அது ஓரிரு நாள் அவதி. மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் நாள்கணக்கில் கிடப்பதோடு அதைச் சமமாக வைக்க முடியாது.

எங்களுக்கு இந்த வழக்கைத் தீர்த்துவைத்தது தண்ணீர்தான். ஹூஸ்டனின் மேற்கே நாங்கள் பார்த்த வீடுகளில் ஒன்று, விலைக்கும் அளவுக்கும் குறை சொல்ல முடியாததாக இருந்தது. கேரேஜுக்குள் நுழைந்தபோதுதான், சுவரில் தரையிலிருந்து நான்கடி உயரம் வரை பலகை புதிதாகவும் அதற்கு மேல் பழையதாகவும் இருப்பதையும், இரண்டுக்கும் இடையே நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு ஓடுவதையும் என் மனைவி சுட்டிக்காட்டினாள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் சில நாட்களுக்குள் 40 அங்குலத்துக்கும் மேல் மழையைக் கொட்டியபோது, ஊரின் மேற்கிலுள்ள அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களின் மேற்புறம் தேங்கிய நீரும் அணையைத் திறந்துவிட்டதால் கீழ்ப்புறம் பாய்ந்த நீரும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தன. வீட்டுக்குள் வெள்ளம் வந்ததுண்டா என்பதை விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2019-இல் அங்கே இறுக்கப்பட்டது. ஆகவே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 2024 ஜூலையில் வந்த பெரில் புயல் அதிக வலுவில்லாதது என்றாலும், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போய், உச்ச வெயிலில் பலர் ஒரு வாரம் ஏசியின்றித் தவித்தனர்.

டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பதைத்தான் அங்கே போனவர்கள் முதலில் சொல்வார்கள். உண்மைதான். ஆண்டுக்கு 1,50,000 டாலர் ஈட்டும் தம்பதிக்கு, ஜார்ஜியாவின் 2025-ஆம் ஆண்டு விகிதமான 5.19 சதவீதத்தில், 24,000 டாலர் கழிவு போக ஏறத்தாழ 6,500 டாலர் வரி வரும். ஆனால் 4,00,000 டாலர் வீட்டுக்கு ஹூஸ்டன் புறநகரில் சொத்துவரி 2 சதவீதம் என்று வைத்தால் 8,000 டாலர். அட்லாண்டாவின் வடபுறத்தில் 1 சதவீதம் என்று வைத்தால் 4,000. இரண்டையும் கழித்துக் கூட்டினால் டெக்சஸுக்குச் சாதகமாக மிஞ்சுவது 2,500 டாலர்தான். அதையும் வளைகுடாக் கரையின் கூடுதலான வீட்டுக் காப்பீட்டுக் கட்டணமும், தனியாக எடுக்கவேண்டிய வெள்ளக் காப்பீடும் கோடை மின்கட்டணமும் தின்றுவிடும். வேலை போனால் வருமான வரி நின்றுவிடும், சொத்துவரி நிற்காது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்; எண்ணெய் விலை சரிந்த காலங்களில் ஹூஸ்டன்காரர்கள் அதை அனுபவித்திருக்கிறார்கள்.

அட்லாண்டாவின் பெருங்குறை மகரந்தம். மார்ச் இறுதியில் பைன் மரங்களிலிருந்து உதிரும் மஞ்சள் தூள் காரின் மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் படியும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் முடிவெடுக்கும் முன் ஒரு மார்ச் மாதத்தை அங்கே கழித்துப் பார்ப்பதே நல்லது. பள்ளிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால், செப்டம்பர் வரை விடுமுறை அனுபவித்துப் பழகிய மினசோட்டாப் பிள்ளைகள் முதலாண்டில் ஒரு மாதக் கோடையை இழப்பார்கள். கோயில் என்று பார்த்தால் ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் உள்ள மீனாட்சியம்மன் கோயிலுக்கு அட்லாண்டாவில் ஈடில்லை என்பது என் கட்சி. ரிவர்டேலில் பெருமாள் கோயில் இருக்கிறது. ஆனால் அது ஊரின் தெற்கே, தமிழர் மிகுதியாகக் குடியிருக்கும் ஆல்ஃபரெட்டாவும் கம்மிங்கும் வடக்கே. நடுவில் கிடக்கும் நெரிசலைக் கடப்பதே ஒரு விரதம்.

வீடு வாங்கி நிலைக்க நினைப்பவர்களுக்கு அட்லாண்டா என்றே நான் தீர்ப்புச் சொல்வேன். நாங்களும் அங்கேதான் போகிறோம். எண்ணெய்த் தொழிலிலோ மருத்துவத்திலோ வேலை கிடைத்து ஹூஸ்டனுக்குப் போகிறவர்கள் முதல் ஆண்டு வாடகைக்கு இருந்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வாங்கலாம். வாடகை வீட்டுச் சாமான்களுக்கும் அரசின் வெள்ளக் காப்பீடு கிடைக்கும். அது பணம் கட்டிய 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதாலும், புயல்பருவம் ஜூன் 1 அன்று தொடங்குவதாலும், ஏப்ரலிலேயே அதை எடுத்துவிட வேண்டும்.