டூரிங் பைண்டிங் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: கண்ணால் பார்க்காமல் பலகையில் துளையிட விடாதீர்கள்

லிஃப்ட் இல்லாத மலைச்சரிவில் ஸ்கீ பலகைகளோடு ஏறி, அவற்றிலேயே சறுக்கி இறங்குவதற்காகப் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் டூரிங் பைண்டிங்கை, பொருத்தியும் தருவதாகச் சொல்லும் ஓர் இணையக் கடையில் அண்மையில் வாங்கினேன். பைண்டிங்கின் முழு விலை, பொருத்துக்கூலி, அவர்கள் துளையிட்டுக் கெடுத்த புதிய பலகைகள் என மூன்றும் என் கையை விட்டுப் போய்விட்டன. பணம் திரும்பக் கிடைக்காது என்ற கடைசிப் பதில் நேற்றுதான் வந்தது. ஆத்திரம் அடங்காமலேதான் எழுதுகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

நான் கேட்டதில் குழப்பம் எதுவும் இல்லை. ஏறுவதைவிட இறங்குவதே எனக்கு முக்கியம் என்றும், விழுந்தால் பூட்ஸை விடுவிக்கும் விசையை என் எடைக்கேற்பத் திருகி அமைக்க முடிய வேண்டும் என்றும், கழன்ற பலகை சரிவில் ஓடிவிடாமல் தடுக்கும் பிரேக் கட்டாயம் வேண்டும் என்றும் எழுத்திலேயே தெரிவித்திருந்தேன். ஏறும்போது பூட்ஸின் குழிகளில் நுழையும் ஊசிகளாலும், இறங்கும்போது லிஃப்ட் உள்ள சரிவுகளில் பயன்படும் வழக்கமான ஆல்பைன் பைண்டிங் போலவும் பூட்ஸைப் பிடிக்கிற, 2018-இல் வெளிவந்த சாலமன் ஷிஃப்ட் போன்ற கலப்பு வகை எனக்கு ஒத்துவருமா என்றும் விசாரித்தேன். ஒரு காலுக்கு 850 கிராமுக்கு மேல் கனக்கும் ஒன்றை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று கேட்டார் விற்பனை ஆலோசகர். ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கிய ஊசிப் பிடிமானம் இத்தனை ஆண்டுகளாகத் தன்னை நிரூபித்திருக்கிறது, அதே பாதுகாப்பை மூன்றில் ஒரு பங்கு எடையில் தருகிறேன் என்றார்.

நான் முழுமையாக நம்பியது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். என் எடை, உயரம், வயது, சறுக்கும் பாணி, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். பூட்ஸை எந்த விசையில் விட வேண்டும் என்பதைக் குறிக்கும் விடுவிப்பு எண்ணைக் கணக்கிடத் தேவையான விவரங்கள் இவைதாம். இவற்றைக் கேட்கத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உங்களுக்கு 7 வருகிறது, அதிலேயே அமைத்து அனுப்புகிறோம் என்று அவர் எழுதியதும் முழு விலையையும் பொருத்துக்கூலியையும் செலுத்தி, பலகைகளையும் பூட்ஸையும் அவர்களுக்கு அனுப்பிவைத்தேன்.

பொருத்தி வந்ததைத் தரையில் வைத்து, குதிகாலைப் பிடிக்கும் பின்பாகமான குதிப்பகுதியில் எண் தெரியும் சிறு சன்னலைத் தேடினேன். மேலே இல்லை, பக்கத்தில் இல்லை, பின்னால் திருப்பினாலும் இல்லை. திருகும் இடமே இல்லை. குதியின் இரண்டு ஊசிகளையும் உள்ளே பிடித்திருந்தது யு வடிவ எஃகுக் கம்பி ஒன்று மட்டுமே. முன்னோக்கி விழும்போது அது எந்த விசையில் விடும் என்பது ஆலையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். நேரத்தோடு போட்டியிட்டு மலையேறும் பந்தய வீரர்களுக்கான வகை அது, பிரேக்கும் கிடையாது. அப்படியானால் அந்த 7-ஐ எங்கே அமைத்தார்கள்?

பொருத்திய விதமாவது சரியா என்று பார்த்தேன். பூட்ஸின் குதிக்கும் பைண்டிங்கின் குதிப்பகுதிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அதோடு வந்த கையேடே சொல்கிறது. பூட்ஸை மாட்டிப் பார்த்தால் ஒரு தாள்கூட நுழையவில்லை. பள்ளத்தில் பலகை வளையும்போது அந்த இடைவெளிதான் சுருங்கி இடம் கொடுக்கும். அது இல்லாவிட்டால் பூட்ஸ் குதிப்பகுதியில் போய் அழுந்தி, விடுவிப்பு தாறுமாறாகும், பைண்டிங்கே உடையவும் கூடும். பூட்ஸையே கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பொருத்தியவர்களை என்னவென்று சொல்வது?

புகாருக்கு முதலில் வந்த பதில், ஊசிப் பைண்டிங் எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்பது. அது பொய். எண் அளவுகோலும் பிரேக்கும் உள்ள ஊசிப் பைண்டிங்குகள் எத்தனையோ இருக்கின்றன. அடுத்து, உற்பத்தியாளரிடம் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் விற்ற கடைதான் பொறுப்பு என்றார்கள். மறுபடியும் எழுதியபோது, கழன்றுவிடும் என்ற பயமிருந்தால் இறங்கும்போதும் பூட்ஸின் முன்முனையைப் பிடிக்கும் முனைப்பகுதியைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்கள். இதைப் படித்தபோது கை நடுங்கியது. ஏறுவதற்கான அந்தப் பூட்டைப் போட்டபடி இறங்கி விழுந்தால் பைண்டிங் விடுவிக்கும் என்று நம்ப முடியாது, முழங்காலும் கணுக்காலும் முறுகும். பனிச்சரிவில் சிக்கினால் கழலாத பலகைகள் ஆளைக் கீழே இழுக்கும். கடைசியாக வந்த பதில்: துளையிட்டுப் பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை. துளையிட்டவர்களே அவர்கள்தாம்! முழு விலையும் போயிற்று, பொருத்துக்கூலியும் போயிற்று, அதற்கு ஈடாக அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிச் சீட்டு தருகிறார்களாம்.

வேறு பைண்டிங் பொருத்தலாம் என்றாலும் பழைய துளைகளை அடைத்து, புதியவற்றை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் போட வேண்டும். துளை கூடக்கூட, முழு உடல்பாரத்தையும் தாங்கும் நடுப்பகுதி பலவீனமாகும்.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். மாடலின் முழுப்பெயரைக் கேட்டு வாங்கி, விடுவிப்பு அளவுகோலின் படத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டூரிங் பைண்டிங்குக்கான ஐஎஸ்ஓ 13992 தரச்சான்று அந்த மாடலுக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பிரேக்கின் அகலம் பலகையின் இடுப்பகலத்தைவிட, அதாவது நடுவில் குறுகிய இடத்தின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். பைண்டிங் பெட்டியோடு உங்கள் கைக்கு வந்து, நீங்கள் பிரித்துப் பார்த்த பிறகே துளையிடச் சொல்லுங்கள். பொருத்திய பின் குதி இடைவெளியைக் கையேட்டோடு ஒப்பிட்டு அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கூலியைக் கொடுக்காதீர்கள்.