படகு வாங்கப் போகிறீர்களா? "டெலவேர் எல்எல்சி போட்டால் வரியே இல்லை" என்பவரை நம்பாதீர்கள்

அமெரிக்காவில், குறிப்பாக மேரிலாந்துப் பக்கம் படகு வாங்க நினைக்கும் நம்மவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சீசபீக் விரிகுடாவில் ஓட்டுவதற்காக 60,000 டாலருக்கு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினோம். "பக்கத்து மாநிலமான டெலவேரில் விற்பனை வரி கிடையாது. அங்கே ஒரு எல்எல்சி (LLC, வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) தொடங்கி, அதன் பெயரில் படகை வாங்கி, கோஸ்ட் கார்டில் (அமெரிக்கக் கடலோரக் காவல்படை) பதிந்துவிட்டால் மேரிலாந்து உங்களைத் தொடவே முடியாது" என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். எல்எல்சிக்கு ஒரு கட்டணம், பதிவுக்கு ஒரு கட்டணம் என்று தனித்தனியாகக் கறந்தார். கையெழுத்துப் போட்ட கணக்குத் தாளில் வரிக்கான கட்டத்தில் பூஜ்யம்.

டெலவேரில் விற்பனை வரி இல்லை. அந்த ஒன்றுதான் உண்மை. படகு யார் பெயரில் இருந்தாலும், ஆண்டின் பெரும்பகுதி மேரிலாந்துத் தண்ணீரில் ஓடினால் மேரிலாந்துக்கு 5 சதவீத வரி கட்டியாக வேண்டும். கோஸ்ட் கார்டு பதிவு மத்திய அரசின் ஏற்பாடு. அது இருப்பதால் மாநில வரி தள்ளுபடி ஆகாது. வேறு மாநிலத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். எங்குமே கட்டாத எங்களுக்குக் கழிக்க என்ன இருக்கிறது? மாநில இயற்கை வளத் துறையிலிருந்து கடிதம் வந்தது: வரி 3,000 டாலர், அதற்கு மேல் அபராதமும் வட்டியும். எல்எல்சி இருக்கும்வரை டெலவேருக்கு ஆண்டுதோறும் 300 டாலர் கட்ட வேண்டும் என்பதையும் அந்த ஆள் வாயே திறக்கவில்லை.

கடிதம் வந்த பிறகு புரோக்கர் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு ஈமெயில்: "நாங்கள் வரி ஆலோசனை தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது." பணம் வாங்கும்போது மணிக்கணக்கில் தந்தது வேறு என்னவாம்? வயிறு எரிகிறது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து வர்ஜீனியாவில் 2 சதவீதம், உச்சவரம்பு 2,000 டாலர். ஆனால் அங்கே பல கவுண்டிகள் (மாவட்டம் போன்றவை) படகுக்கு ஆண்டுதோறும் சொத்து வரியும் போடும். ஃப்ளோரிடாவில் 6 சதவீதம், உச்சவரம்பு 18,000. ரோட் ஐலண்ட் 1993லேயே படகு விற்பனை வரியை எடுத்துவிட்டது. படகை எங்கே கட்டி வைக்கப் போகிறீர்களோ, அந்த மாநில அலுவலகத்திடம் நீங்களே நேரடியாகக் கேளுங்கள். புரோக்கர் வரி பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றையும் ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு புரோக்கரைப் பாருங்கள்.


இதே எல்எல்சி வழியில் ஏற்கெனவே வாங்கியவர்கள், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு வரிக் கணக்காளரைப் பாருங்கள். வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.