படிவம் 5768: சிறு அமைப்புகளின் அச்சம் தீர்க்கும் வசதி

அமெரிக்காவில் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளுக்கு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வழங்கும் வசதிகளில், நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது படிவம் 5768. அங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பலவும் இப்பிரிவில் பதிவு பெற்றவையே. ஒரு மசோதாவை ஆதரித்துச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினாலே வரிவிலக்குப் பறிபோகும் என்று அவற்றின் நிர்வாகிகள் அஞ்சத் தேவையில்லை.

அச்சத்தின் வேர் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. லாபியிங், அதாவது சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்த முயல்வது, ஓர் அமைப்பின் பணிகளில் "கணிசமான பகுதி"யாக இருக்கக் கூடாது என்ற அச்சட்டம், எவ்வளவு கணிசம் என்று சொல்லவில்லை. 1976இல் வந்த 501(எச்) உட்பிரிவு அதற்குப் பண அளவுகோல் ஒன்றைத் தந்தது. அதைத் தேர்ந்தெடுப்பதற்கான தாளே இப்படிவம். ஆண்டுக்கு 2,00,000 டாலர் அறநோக்கச் செலவு செய்யும் சங்கம், அதில் 20 விழுக்காடான 40,000 டாலர் வரை லாபியிங்குக்குச் செலவிடலாம். பொதுமக்களைத் தூண்டி உறுப்பினர்களுக்கு எழுதச் செய்யும் பணிக்கு அதில் கால்பங்கு வரை செல்லும். ஊதியம் பெறாத தொண்டர்களின் உழைப்பு செலவாகாது என்பதால், சிறு சங்கங்கள் இவ்வரம்பைத் தொடுவதே அரிது. வரம்பு மீறினால் மிகைத் தொகைக்கு 25 விழுக்காடு வரி உண்டு. நான்காண்டுக் கூட்டுக்கணக்கில் வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் வரிவிலக்கே போகும்.

நிரப்புவது எளிது, கட்டணமும் இல்லை. வரியாண்டு முடிவதற்குள் எந்நாளில் அனுப்பினாலும் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியாகும் என்பதை இதன் மிகச் சிறந்த கூறாகக் கருதுகிறேன்.

பேச்சுரிமை உள்ள நாட்டில் இவ்வரம்பு ஏன் என்ற கேள்வி நியாயமானது. 1983இல் டாக்சேஷன் வித் ரெப்ரசென்டேஷன் என்ற அமைப்பு தொடர்பான ரீகன் எதிர் டாக்சேஷன் வித் ரெப்ரசென்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விடையளித்தது: லாபியிங் செய்யும் உரிமை இருக்கிறது, ஆனால் அதற்கு வரிச்சலுகையால் மானியம் தர அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கடமைப்பட்டதன்று. லாபியிங்குக்கு இத்தகைய வரம்பில்லாத சமூகநல அமைப்புகளுக்கான 501(சி)(4) பிரிவில் துணை அமைப்பு ஒன்றை வைத்து அதன்வழி தடையின்றிப் பேச முடிவதால்தான் இக்கட்டுப்பாடு அரசமைப்புக்குப் பொருந்துகிறது என்று அத்தீர்ப்புக்கு உடன்பட்ட நீதிபதி பிளாக்மன் தனியாக எழுதியதே எனக்கு வலுவான வாதமாகப் படுகிறது.

குறைகளும் உண்டு. பெரிய அமைப்புகளுக்கான 10,00,000 டாலர் உச்சவரம்பு 1976க்குப் பின் உயர்த்தப்படவே இல்லை. கோயில்கள், தேவாலயங்கள் போன்ற வழிபாட்டு அமைப்புகள் இதைத் தேர்ந்தெடுக்க இயலாது. வேட்பாளருக்காகப் பரப்புரை செய்வதற்கு 1954 முதல் இருக்கும் முழுத் தடையை இப்படிவம் தளர்த்துவதில்லை. லாபியிங் செலவுக்குக் கணக்கேட்டில் தனித் தலைப்பு ஒன்றைத் திறந்த பின்னரே இதில் கையொப்பமிடுங்கள்.